கடைசி முடிச்சிலிருந்து

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்கள் வேலூரைக் கடந்து, தொரப்பாடி தாண்டி, பாகாயத்துக்கு வந்துதான் திரும்பும். காலை எட்டரை மணிக்கு மேல் அதிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்தாலே யார் எங்கே போகிறார்கள் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். தோளில் பையும் காதில் கம்பியுமாக வேகமாக நடப்பவர்கள் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள். பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பை அணைத்தபடி மெதுவாக நடத்திக்கொண்டு போகிறவர்கள் வேறு வாசலுக்குப் போகிறவர்கள். அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். ஆனாலும் அவர்களில் ஒருவருக்குப் பாடம் சொல்லித்தர எனக்குத் தெரியாது என்பது முப்பத்தாறு வயதில்தான் உறைத்தது.

அப்போது என்னிடம் மூன்று பட்டங்கள் இருந்தன. பி.எஸ்சி. கணிதம், எம்.எஸ்சி. கணிதம், பி.எட். நான்காவதாக ஸ்பெஷல் பி.எட். படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் கிளம்பிய முதல் கேள்வி என் மாமியாருடையது.

"பி.எட். தான் முடிச்சிட்டியேம்மா, மறுபடியும் அதையே படிக்கணுமா?"

"இது வேற பி.எட். அத்தை."

"பி.எட்.ல இன்னாம்மா வேற?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் ஊரில் பட்டம் வாங்கிய எத்தனையோ பேருக்கு இந்தக் கேள்வி இருக்கிறது. பி.காம். முடித்த அம்மா, என்ஜினியரிங் படித்த அக்கா, பத்து வருடம் பள்ளியில் நின்ற டீச்சர் என்று பலரும் இந்தப் படிப்பைத் தேடி வருகிறார்கள். ஏற்கெனவே படித்தது ஏன் போதாது, இப்படி ஒரு தனிச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது, யார் கேட்டு வந்தது? அன்றைக்கு அத்தைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு பெண். அமைதியானவள். நோட்டு அச்சடித்தது போல இருக்கும். சோதனையில் மட்டும் பூஜ்யம், ஒன்று, இரண்டு. சோம்பல் என்று நானே முடிவு செய்து, பதினாறாம் வாய்ப்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஐம்பது தடவை எழுதிவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தாள். ஒரு அடித்தல் கிடையாது. திருத்தும்போதுதான் கவனித்தேன். அவசரத்தில் நான் பலகையில் பதினாறேழு நூற்று இருபத்திரண்டு என்று தப்பாக எழுதியிருக்கிறேன். அவள் அதையும் ஐம்பது தடவை அப்படியே எழுதியிருந்தாள். அதற்கு முந்தின வரி தொண்ணூற்றாறு, அடுத்த வரி நூற்று இருபத்தெட்டு. நடுவில் இருப்பது இடிக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவள் எழுதியது எண்களே இல்லை. கோலம் பார்த்துக் கோலம் போடுவது போல உருவங்களை வரைந்திருக்கிறாள். ஏழு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்த குழந்தையிடம் இதை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பார்த்த பிறகும் என்ன செய்வதென்று தெரியவில்லை. என் பி.எட்.டில் அதற்குப் பாடமே இருந்திருக்கவில்லை. அடுத்த வருடம் அவள் பள்ளிக்கு வரவில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பட்டம் வாங்கிய பிறகு, "இது போதவில்லை" என்று குழந்தைகளுக்கு முன்னால் நின்று உணர்ந்தவர்களில் உலகம் அறிந்த ஒருவர் மரியா மாண்டிசோரி. மாண்டிசோரி என்றால் நமக்கு இங்கிலீஷ் மீடியம் எல்.கே.ஜி. ஞாபகம்தான் வரும். அவர் ஆசிரியராகப் படித்தவரே இல்லை. 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அங்கே மனநோய் விடுதிகளில், பெரியவர்களோடு அடைத்துவைக்கப்பட்டிருந்த சிறுவர்களைப் பார்த்தார். அந்த அறைகளில் கைக்கு எடுக்க ஒரு பொருள்கூட இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு மருந்தைவிடக் கல்விதான் தேவை என்று அந்த மருத்துவருக்குத் தோன்றியது. அவர் தேடிப் பிடித்தது இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் எழுத்துகளை. ஒருவர் இட்டார்ட். 1800-இல் பிரான்ஸின் அவெரோன் காட்டுப்பக்கத்திலிருந்து பிடிபட்ட பேசாத சிறுவனுக்கு ஐந்து வருடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்த மருத்துவர். மற்றவர் அவர் வழியில் வந்த செகுவின். செகுவினின் நூலை மாண்டிசோரி தன் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி எடுத்தார். அறுநூறு பக்கம். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி யோசிப்பதற்காகவே கையால் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

1900-இல் ரோமில் இந்தக் குழந்தைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார் செய்யும் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அதை நடத்தியவர்கள் மாண்டிசோரியும் அவருடைய சக மருத்துவர் மொன்டெசானோவும். ஆசிரியர்கள் வகுப்பில் கேட்டதைப் பக்கத்து அறையில் இருக்கும் குழந்தைகளிடமே செய்து பார்க்க வேண்டும். ஸ்பெஷல் பி.எட்.டில் நாங்கள் வகுப்பிலும் சிறப்புப் பள்ளியிலுமாக மாறி மாறி இருந்தோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. என் மாமியாரின் கேள்விக்கு உள்ள பதிலில் எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்து வருவது. கொஞ்ச காலம் அந்தப் பள்ளியை நடத்திய பின், பேர் பெற்ற மருத்துவராக இருந்த அந்த அம்மாள், மறுபடியும் அதே பல்கலைக்கழகத்தில் மாணவியாகப் போய்ச் சேர்ந்தார். இந்த முறை தத்துவமும் கல்வியியலும் படிக்க.

அவர் செய்த கருவிகளில் ஒன்று மரச்சட்டம். சட்டத்தில் இரண்டு துணிப் பட்டைகள் இருக்கும். ஒரு சட்டத்தில் பொத்தான், இன்னொரு சட்டத்தில் கொக்கி, வேறொன்றில் நாடா, மற்றொன்றில் லேஸ். உடுத்திக்கொள்ளும் வேலையை உடம்பிலிருந்து தனியே கழற்றி மேசைமேல் வைத்துப் பழகுவதற்கு. 1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில், தியாசபிகல் சொசைட்டி அழைத்து மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். இத்தாலியும் யுத்தத்தில் இறங்கியது, இத்தாலிக்காரர் என்பதால் திரும்பிப் போக முடியவில்லை, சென்னையிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இந்தியாவில் இருந்துவிட்டார். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். அவருடைய முறை இங்கே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிகளில்தான் அதிகமும் தங்கியது. அது யாருக்காகப் பிறந்ததோ அந்தக் குழந்தைகளிடம் போய்ச் சேர இன்னும் நாள் பிடித்தது.

தமிழ்நாட்டில் இந்த வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆன் ஆஸ்க்வித் பார்வையற்றவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். அதே ஊரில் 1897-இல் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதவர்களுக்குத் தொடங்கினார். இரண்டும் இன்றைக்கும் நடக்கின்றன. கண்ணுக்கும் காதுக்கும் பள்ளி வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கு வந்தது. 1953-இல் சென்னையில் பால விஹார் தொடங்கியது. ஏன் அத்தனை தாமதம் என்று நான் யோசித்திருக்கிறேன். பார்வை இல்லாத குழந்தையின் குறை வெளியே தெரியும், விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தும் இருந்தது. புத்தி மெதுவாக ஓடும் குழந்தைக்கு எதைச் சொல்லித்தருவது, எந்த வரிசையில் சொல்லித்தருவது என்பதற்குக் கையில் ஒரு தாள்கூட இல்லை.

அந்தத் தாள் சென்னையில்தான் உருவானது. விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் செய்த மதராஸ் வளர்ச்சித் திட்ட முறையை எம்.டி.பி.எஸ். என்று சொன்னால் இந்தியா முழுவதும் ஸ்பெஷல் டீச்சர்களுக்குத் தெரியும். குழந்தையின் அன்றாடத்தைப் பதினெட்டுப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். உடல் அசைவு, விரல் வேலை, சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறை, பேச்சைப் புரிந்துகொள்வது, பேசுவது, பழகுவது, படிப்பு, எழுத்து, எண், காசு, நேரம், வீட்டு வேலை, ஊருக்குள் போய்வருவது என்று போகும். பகுதிக்கு இருபது வாக்கியங்கள், ஆக 360. எளியது முதலில், கடினமானது கடைசியில். முதல் தடவை அதைக் கையில் வாங்கிப் படித்தபோது என் கண் ஒரு இடத்தில் நின்றது. ஒரு வாக்கியம்கூட 'முடியாது', 'தெரியாது' என்று முடியவில்லை. எல்லாம் 'செய்கிறார்' என்ற வடிவத்திலேயே இருந்தன. செய்கிறாரா, இன்னும் செய்யவில்லையா என்று மட்டும்தான் குறிக்க வேண்டும். பதினாறாம் வாய்ப்பாடு எழுதிய அந்தப் பெண்ணுக்கு இந்தத் தாளை நான் நிரப்பியிருந்தால் எண் பகுதியில் எந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள் என்று அரை மணியில் தெரிந்திருக்கும். பல வருடம் பின்னால் தொடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் அம்மாக்கள் வந்தார்கள். இந்தச் சான்றிதழின் கதையில் அவர்கள் பங்கு பாதிக்கு மேல். மிது ஆலூர் ஆங்கில இலக்கியம் படித்தவர். 1966-இல் பிறந்த மகள் மாலினிக்குப் பெருமூளை வாதம். இங்கே கேட்ட இடமெல்லாம் கைவிரித்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போனார். அங்கே மகளுக்குக் கிடைத்த கல்வியைப் பார்த்துத் தானும் லண்டனில் சிறப்புக் கல்விப் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து 1972-இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். அதே போலப் பெருமூளை வாதம் உள்ள மகனுக்குத் தாயான பூனம் நடராஜன் 1985-இல் சென்னையில் தொடங்கியதுதான் இன்றைய வித்யா சாகர். இவர்கள் யாரும் 'ஸ்பெஷல் டீச்சர் ஆகலாம்' என்று பதினெட்டு வயதில் முடிவு செய்தவர்கள் இல்லை. வாழ்க்கை கொண்டுவந்து நிறுத்திய இடத்தில் நின்று, இருந்த பட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து படித்தவர்கள். ஒரு பட்டத்துக்குப் பிறகு இந்தப் படிப்புக்கு வருவது விதிவிலக்கு என்று நாம் நினைக்கிறோம். கதையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த வழியில்தான் வந்திருக்கிறார்கள்.

பள்ளிகள் பெருகின. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த விதத்தில் ஆசிரியர்களைத் தயார் செய்தது. ஓரிடத்தில் ஆறு மாதம், ஓரிடத்தில் ஒரு வருடம், ஓரிடத்தில் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவது மட்டும். ஒரு ஊரில் வாங்கிய சான்றிதழ் அடுத்த ஊரில் செல்லாது. இதற்கெல்லாம் ஒரு பொது அளவு வேண்டும் என்று 1986-இல் இந்திய மறுவாழ்வு மன்றத்தைப் பதிவுபெற்ற சங்கமாக அமைத்தார்கள். ஆர்.சி.ஐ. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சங்கத்துக்குக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. ஆகவே 1992-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1993 ஜூன் 22 முதல் மன்றம் சட்டப்படியான அமைப்பானது. பேச்சுப் பயிற்சியாளர் முதல் மருத்துவ உளவியலாளர் வரை பதினாறு வகைப் பணியாளர்கள் அதன் கீழ் வருகிறார்கள். சிறப்பு ஆசிரியர் அதில் ஒருவர். மன்றம் ஒப்புக்கொண்ட படிப்பை முடித்து, மத்தியப் பதிவேட்டில் பேர் ஏறினால்தான் இந்த வேலையைச் செய்யலாம். பதியாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பதின்மூன்றாம் பிரிவு சொல்கிறது.

குழந்தைக்குச் சொல்லித்தந்தால் ஜெயிலா என்று முதலில் எனக்கும் கோபம் வந்தது. இப்போது இல்லை. தெரியாமல் செய்கிற வைத்தியம் உடம்பைக் கெடுக்கும். தெரியாமல் செய்கிற கற்பித்தல் குழந்தையின் நாளைத் தின்கிறது, ஆனால் காயம் வெளியே தெரியாது. நான் தின்ற நாட்கள் எனக்குத் தெரியும். இதில் சட்டத்துக்கு முன்பே இருபது, முப்பது வருடம் கைப்பட உழைத்த, காகிதம் ஏதும் இல்லாத டீச்சர்களின் பாடு என்ன என்ற கேள்வி வந்தது. அவர்களுக்காகவே பிரிட்ஜ் கோர்ஸ் என்று ஒரு குறும்பயிற்சியை மன்றம் வைத்தது. அதை முடித்து அவர்களும் பதிவேட்டில் ஏறினார்கள். நல்ல காரியம். அவர்களிடமிருந்துதான் இந்தப் படிப்பே பிறந்தது.

நான் படித்தபோது ஒரு பட்டதாரி இதற்குள் வருகிற வழி நேராகத்தான் இருந்தது. பட்டப்படிப்பில் பாதி மதிப்பெண் இருக்க வேண்டும். ஸ்பெஷல் பி.எட். கல்லூரிக்குப் போய்ப் படித்தால் இரண்டு வருடம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தால் இரண்டரை வருடம். பார்வை, செவி, அறிவுசார் குறைபாடு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் மூன்றாவதை எடுத்தேன். முடித்துப் பதிந்தால் ஆர்.சி.ஐ. நம்பர் வரும். அது ஆயுளுக்கும் இல்லை. குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும், அதற்குள் தொடர்பயிற்சிகளில் உட்கார்ந்து புள்ளி சேர்த்திருக்க வேண்டும். பொதுப் பள்ளி ஆசிரியராக இருந்த பத்து வருடத்தில் என்னை யாரும் "இன்னும் படிக்கிறாயா" என்று கேட்டதில்லை.

இனி பாகாயம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950களின் பிற்பாதியில் இங்கே வந்தது. அதற்கு அடித்தளம் போட்டவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டு மனநல மருத்துவர். மனநல மருத்துவமனை என்றால் உயர்ந்த மதில், பூட்டிய கதவு என்றிருந்த காலம். இங்கே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் வந்து தங்க வேண்டும் என்று வைத்தார்கள். சமைத்துக்கொண்டு, துவைத்துக்கொண்டு, சிகிச்சையைக் கூட இருந்து பார்த்துக்கொண்டு. ஊருக்குத் திரும்பிப் போன பின் பார்த்துக்கொள்ளப் போவது அந்தக் குடும்பம்தானே. இதே எண்ணத்தின் கிளைதான் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான நம்பிக்கை நிலையம். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும் அம்மாக்கள் அங்கேதான் போகிறார்கள். குழந்தைக்குச் சொல்லித்தருவதோடு, சொல்லித்தருவது எப்படி என்று அம்மாவுக்கும் சொல்லித்தரும் இடம்.

அந்தப் பிரிவின் மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று 1999-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்தது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பத்து வாரம் சொற்பொழிவு. மற்றதற்குப் பத்து வாரம் வட்டமாக உட்கார்ந்து ஒருவரோடொருவர் பேசும் கூட்டம். பேசிய குழுவில் பிள்ளை வளர்ப்பு பற்றிய பார்வையும், குறைபாடு பற்றிய அறிவும், அதைக் கையாளும் மனப்பாங்கும் தெளிவாக உயர்ந்தன. ஒன்று மட்டும் அசையவில்லை. குறைபாட்டின் மேலேயே அவர்களுக்கு இருந்த மனநிலை. அந்த வரியை நான் படித்தபோது நிறுத்தி மறுபடி படித்தேன். பத்து வாரத்தில் கை பழகிவிடும். மனசு அத்தனை சீக்கிரம் இறங்கி வராது. எங்களிடம் வரும் ஒவ்வொரு அம்மாவிடமும் இதை நான் பார்க்கிறேன்.

என்னிடம் வரும் பையன் ஒருவனுக்குப் பதினொரு வயது. பாகாயத்துக்குப் பக்கத்தில் நாங்கள் நான்கு பேர் நடத்தும் சிறிய மையத்துக்கு வாரம் மூன்று நாள் வருகிறான். அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன். விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். லீவு நாளில் அவளே கூட்டிவருவாள், மற்ற நாளில் பாட்டி. வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் கல்வித் திட்டம் எழுதுவோம். என்ன சொல்லித்தரலாம் என்று கேட்டபோது அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நாள் பூரா அடுத்தவங்க புள்ளைங்களுக்கு ஷூ தெச்சி அனுப்புறேன் டீச்சர். எம்புள்ளைக்கு அத லேஸ் கட்டிப் போட்டுக்கத் தெரியல."

"ஒட்டுற மாதிரி ஷூ வாங்கிடலாமேம்மா?"

"நானும் அதான் சொன்னேன். அவனுக்கு அண்ணன் போட்டுக்கறதுதான் வேணுமாம். லேஸ் வெச்சது."

அவன் கேட்கிறான் என்றால் அதுதான் பாடம். அன்றைக்கு ராத்திரி லேஸ் கட்டுவதை நான் உடைத்து எழுதினேன். இரண்டு நுனியையும் இழுத்துப் பிடிப்பது ஒன்று. குறுக்கே போடுவது இரண்டு. மேலே கிடப்பதை அடியில் நுழைப்பது மூன்று. இழுத்து இறுக்குவது நான்கு. ஒரு நுனியை மடித்துக் காது மாதிரி ஆக்குவது ஐந்து. அதன் அடியைப் பிடித்துக்கொள்வது ஆறு. மற்ற நுனியை அதைச் சுற்றிக் கொண்டுவருவது ஏழு. சந்துக்குள் தள்ளி இன்னொரு காது எடுப்பது எட்டு. இரண்டு காதையும் பிடித்து இழுப்பது ஒன்பது. முப்பது வருடமாக யோசிக்காமல் செய்த காரியத்துக்குள் ஒன்பது வேலை இருந்தது. ஆறாவதில் ஒரு கையின் கட்டைவிரல் பிடியை விடாமல் இருக்க, மறு கை வேறு வேலை செய்ய வேண்டும். அவனுக்கு அங்கேதான் நிற்கும் என்று எழுதும்போதே தெரிந்தது.

மறுவாரம் அந்தத் தாளை அவன் அம்மாவிடம் காட்டினேன். வாங்கி மெதுவாகப் படித்தாள். முகம் மாறியது.

"இது எங்க லைன் மாதிரியே கீதே டீச்சர்."

அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தோலை வெட்டுவது ஒருத்தி. ஓரத்தை மட்டும் சீவி மெலிசாக்குவது ஒருத்தி, அதற்கு ஸ்கைவிங் என்று பேர். பசை தடவி மடிப்பது, மடித்ததைத் தட்டுவது, துண்டோடு துண்டு சேர்த்துத் தைப்பது, கண்ணி அடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. மேல்பாகம் முடிந்த பின் அதை அச்சில் ஏற்றுவது, அடி ஒட்டுவது, துடைப்பது, பெட்டியில் போடுவது. ஒரு ஷூவை இத்தனை கையாகப் பிரித்து வைத்திருப்பதால்தான் புதிதாக வருகிற பெண்ணும் ஒரு வாரத்தில் வேலை பழகிவிடுகிறாள். நான் இரண்டரை வருடம் படித்து, செயல் பகுப்பு என்று பரீட்சையில் எழுதியதை அவள் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள்.

"ஆனா நாம ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கப் போறதில்லம்மா," என்றேன். "ஒம்பதுலேர்ந்து. எட்டு வரைக்கும் நாம கட்டிக் குடுத்துடணும். கடைசி இழுப்பு மட்டும் அவன். அது வந்துட்டா எட்டும் ஒம்பதும் அவன்."

எங்கள் படிப்பில் இதற்குப் பின்னிருந்து கோப்பது என்று அர்த்தம் வருகிற பேர். ஏன் இப்படி என்று விளக்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அதான் சரி டீச்சர். லைன்ல மொதல்ல உக்கார்றவளுக்கு இன்னா தெரியும்? வெட்டுவா, தள்ளுவா. கடைசில பெட்டி கட்றவளுக்குத்தான் அது ஷூவா கண்ல படும்."

எந்தப் பாடநூலிலும் இத்தனை தெளிவாக நான் படித்ததில்லை. முதல் படியிலிருந்து தொடங்கினால் குழந்தை ஒவ்வொரு நாளும் பாதியில் தோற்றுப் போய் எழுந்திருப்பான். கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் முதல் நாளே முடிச்சு விழும், கட்டியவன் அவன். நான் பேனாவை எடுத்து அவள் சொன்னதைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்தேன். அந்த வாரத்திலிருந்து வீட்டுப் பயிற்சியைப் பற்றி அவளுக்கு நான் சொல்வதைவிட அவள் எனக்குச் சொல்வது அதிகமாகிவிட்டது. கறுப்பு லேஸ் ஒன்று, சிவப்பு லேஸ் ஒன்று வாங்கி நடுவில் முடிச்சிட்டு ஒரே லேஸாகக் கோத்துக்கொண்டு வந்தாள், எது எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளைக்குக் குழம்பாமல் இருக்க. ஷூவைக் காலில் போடாமல் ஒரு பலகையில் ஆணியடித்து மேசையில் வைத்தாள். மாண்டிசோரியின் மரச்சட்டத்தைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

ஒன்பதாவது படி நான்கு நாளில் வந்தது. கையைப் பிடித்துச் செய்யவைத்தேன், பிறகு மணிக்கட்டை மட்டும் தொட்டேன், பிறகு விரலால் காட்டினேன், பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். எட்டு மூன்று வாரம். ஏழு இரண்டு வாரம். ஆறில் ஒன்றரை மாதம் நின்றான்.

அந்த ஒன்றரை மாதத்தில்தான் இந்தச் சான்றிதழுக்கு மேலே இருக்கிற சட்டங்களைப் பற்றியும் யோசித்தேன். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முன்பிருந்த ஏழு வகைக் குறைபாடுகளை இருபத்தொன்றாக்கியது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதற்குப் பிறகுதான் பட்டியலுக்குள் வந்தன. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாதாரணப் பள்ளிகளிலும் இந்தக் குழந்தைகளுக்குச் சிறப்பு ஆசிரியர் பணியிடம் நிரந்தரமாக வேண்டும் என்றது. 2022-இல் மத்திய அரசு, தொடக்கப் பள்ளியில் பத்துக் குழந்தைக்கு ஒருவர், நடுநிலையில் பதினைந்துக்கு ஒருவர் என்று அளவு வைத்தது. 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவியுங்கள் என்று நீதிமன்றம் மாநிலங்களை மறுபடியும் கேட்க வேண்டி வந்தது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் வட்டார வள மையங்களில் தொகுப்பூதியத்தில் ஊர் ஊராகப் போகிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவைகூட ஒரு குழந்தையைப் பார்க்க முடியாமல் ஆறாவது படி எப்படி வரும்? பத்துக்கு ஒருவர் என்கிற எண் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்றால், அந்த ஒன்றரை மாதம் நான் தினம் தினம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதால்தான். வாரம் மூன்று நாள் என்றிருந்ததை ஐந்தாக்கிக்கொண்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை கட்டைவிரல் நின்றது. அவனுக்கே தெரியவில்லை. மறு கை தானாகச் சுற்றி வந்து, சந்துக்குள் தள்ளி, இழுத்து முடித்த பின்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

அன்று அவனைக் கூட்டிப்போக வந்தது பாட்டி. விஷயத்தைச் சொன்னேன். "அவங்கம்மா வர்றதுக்கு ஏழு மணி ஆவும். வந்தவுடனே காட்டட்டும்," என்றாள். பலகையைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். பையன் அதை வாங்கவில்லை. பையிலிருந்து பலகையை வெளியே எடுத்து, சிவப்பும் கறுப்புமாக அவன் கட்டிய முடிச்சு கலையாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். ஐந்தாவது படியைத் திங்கட்கிழமை தொடங்கினோம்.